இரவு ரயிலுக்கு எந்த வகுப்பு? முதலில் படுக்கை எண்ணைப் பாருங்கள்

போன மே மாதம் அம்மாவை மதுரைக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. அம்மாவுக்கு எழுபது வயது, இரண்டு முழங்காலிலும் வலி. கோடையில் ஸ்லீப்பரில் கிடந்து வேக வேண்டாம் என்று எழும்பூரிலிருந்து கிளம்பும் இரவு ரயிலில் 3ஏசி எடுத்தேன். எங்களுக்கு வந்த எண்கள் 30, 32. பெட்டிக்குள் ஏறிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, ஒன்று அப்பர், இன்னொன்று சைடு அப்பர். கீழே இருந்த இருவரும் அம்மாவைவிட மூத்தவர்கள். மாற்றித் தரச் சொல்லி யாரைக் கேட்பது?

மேலே ஏறும் அந்தப் படிக்கம்பிகளைப் பார்த்திருப்பீர்கள். பாதத்தின் நடுப்பகுதி மட்டும்தான் அதில் பதியும். புடவையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, இன்னொரு கையால் சங்கிலியைப் பிடித்து ஏறி, கடைசியில் தலையைக் குனிந்து உடம்பைப் பக்கவாட்டில் சாய்த்து உள்ளே போக வேண்டும். ஏறுவதையாவது எப்படியோ முடித்துவிட்டார். இரவு இரண்டு மணிக்குக் கழிப்பறை போக இறங்கியபோதுதான் கஷ்டம். கால் கம்பி கிடைக்காமல் இருட்டில் துழாவியது. நான் கீழே நின்று அம்மாவின் பாதத்தைப் பிடித்து ஒவ்வொரு கம்பியாக வைத்தேன். "ஏசி எல்லாம் நல்லாத்தான் இருக்குப்பா, ஆனா இதுல ஏறி இறங்க எனக்கு முடியல" என்றார். அப்புறம் விடியும்வரை மேலே ஏறவே இல்லை. கீழே படுத்திருந்த பெரியவரின் கால்மாட்டில் உட்கார்ந்தபடியே வந்தார்.

எந்த வகுப்பில் போகலாம் என்று யார் கேட்டாலும் நாம் உடனே ஸ்லீப்பரா ஏசியா என்ற பேச்சுக்குப் போய்விடுகிறோம். இரவுப் பயணத்தில் நாம் காசு கொடுத்து வாங்குவது தூக்கத்தை. குளிர்காற்று அதில் ஒரு பங்கு. ஒரு தடுப்புக்குள் எத்தனை பேர் இருக்கிறோம், நிமிர்ந்து உட்கார முடியுமா, ஏற வேண்டுமா, கதவுப் பக்கமா நடுவிலா என்பதெல்லாம் மீதிப் பங்கு. இந்த மீதியில் பெரும்பகுதியைத் தீர்மானிப்பது வகுப்பு அல்ல, படுக்கை எண்.

அந்தக் கணக்கு எளிது. ஸ்லீப்பரிலும் 3ஏசியிலும் ஒரு தடுப்புக்கு எட்டுப் படுக்கைகள். உங்கள் எண்ணை எட்டால் வகுங்கள். மீதி 1 அல்லது 4 வந்தால் லோயர். 2, 5 மிடில். 3, 6 அப்பர். 7 சைடு லோயர். மீதியே இல்லையென்றால் சைடு அப்பர். எங்கள் 30-இல் மீதி 6, 32-இல் மீதி இல்லை. டிக்கெட் கையில் வந்த நிமிடமே இந்தக் கணக்கைப் போட்டிருந்தால், ரத்து செய்துவிட்டு வேறு ரயில் பார்க்க நேரம் இருந்திருக்கும். 2ஏசியில் மிடில் கிடையாது என்பதால் தடுப்புக்கு ஆறு. அங்கே ஆறால் வகுக்க வேண்டும்: 1, 3 லோயர், 2, 4 அப்பர், 5 சைடு லோயர், மீதியில்லாதது சைடு அப்பர்.

எண் இன்னொன்றும் சொல்லும். பெட்டியின் சக்கரங்கள் இரண்டு முனைகளுக்கும் அருகில்தான் இருக்கின்றன. குலுக்கலும் இரும்புச் சத்தமும் அங்கேதான் அதிகம். கதவைச் சாத்தும் சத்தம், கைகழுவும் இடத்து விளக்கு, கழிப்பறை வாடை எல்லாமும் அங்கேதான். பெட்டியின் நடுப்பகுதியில், சுமாராக 33 முதல் 48 வரையிலான எண்களில் படுத்தால் இவற்றில் பாதி குறைந்துவிடும். ஸ்லீப்பரின் நடுவில் கிடைக்கும் லோயர், 3ஏசியில் கதவோரம் கிடைக்கும் சைடு அப்பரைவிடப் பல இரவுகளில் நல்ல தூக்கம் தரும் என்பது என் அனுபவம். உயரமானவர்கள் சைடு படுக்கையைத் தவிர்ப்பது நல்லது, அது மற்றவற்றைவிட நீளம் குறைவு.

சரி, வயதானவர்களுக்கு லோயர் வாங்குவது எப்படி? முன்பதிவில் இதற்கென்றே தனி ஒதுக்கீடு இருக்கிறது. 60 வயதான ஆண்களும் 45 வயதான பெண்களும் அதில் கேட்கலாம். ஆனால் அவர் தனியாகவோ, அதே தகுதியுள்ள இன்னொருவருடனோதான் அந்த டிக்கெட்டில் இருக்க வேண்டும். வயது குறைந்த மகனோ மகளோ அதே டிக்கெட்டில் சேர்ந்தால் ஒதுக்கீடு கணக்கில் வராது. அம்மாவோடு சேர்ந்தே போகிறோமே என்று இருவருக்கும் ஒரே டிக்கெட் எடுத்தேன் அல்லவா, அங்கேதான் தவறினேன். அம்மாவுக்கு ஒதுக்கீட்டில் தனி டிக்கெட், எனக்குப் பொது ஒதுக்கீட்டில் தனி டிக்கெட் என்று எடுத்திருக்க வேண்டும். தடுப்பு வேறாக இருந்தாலும் பரவாயில்லை. லோயரில் இருப்பவரின் பக்கத்துக்கு நாம் வர, இடம் மாற்றிக்கொள்ள ஆள் கிடைப்பார், அப்பரை வாங்கிக்கொண்டு லோயரைக் கொடுக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. முன்பதிவின்போது, லோயர் கிடைத்தால் மட்டும் டிக்கெட் போடு என்று சொல்லவும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு.

இதோடு ஒட்டிய இன்னொரு எச்சரிக்கை. காலியிடம் இருந்தால் கூடுதல் கட்டணமில்லாமல் மேல் வகுப்புக்கு மாற்றும் வசதிக்கு நாம் பழக்கத்தில் 'சரி' கொடுத்துவிடுகிறோம். வகுப்பு உயரும்போது படுக்கையும் மாறிவிடும், புதிய இடம் அப்பராகவும் இருக்கலாம். முழங்கால் வலிக்காரருக்கு அந்தக் கேள்விக்கு 'வேண்டாம்' கொடுங்கள்.

ஸ்லீப்பர் என்ற பழைய வீடு

இப்போது வகுப்புகளுக்கு வருவோம். ஸ்லீப்பரில் பழைய ஐசிஎஃப் பெட்டி என்றால் 72 பேர், புதிய எல்எச்பி பெட்டி என்றால் 80 பேர். ஐசிஎஃப் என்பது 1955-இல் பெரம்பூரில் தொடங்கிய நம் தொழிற்சாலையின் பெயரால் வழங்கும் பெட்டி வடிவம். 2018-இல் அந்த வடிவத்தை நிறுத்திவிட்டு, ஜெர்மானிய வடிவமைப்பான எல்எச்பிக்கு முழுதாக மாறினார்கள். மோதினால் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத பெட்டி என்பதால் பாதுகாப்புக்கு இது பெரிய முன்னேற்றம். ஆனால் நீளம் கூடியபோது ஒரு தடுப்பும் கூடியது. இருக்கும் நான்கு கழிப்பறைகளை எண்பது பேர் பகிர வேண்டும். அதிகாலை ஐந்து மணிக்கு விழுப்புரம் தாண்டி வரும் ரயிலில் நின்றவர்களுக்கு இந்தக் கணக்கின் அர்த்தம் தெரியும்.

இந்த வகுப்பு நமக்குக் கிடைத்த கதை பெருமையானது. 1974-இல் மூன்றாம் வகுப்பு என்ற பெயரே நீக்கப்பட்டு இரண்டாம் வகுப்போடு சேர்க்கப்பட்டது. அதன்பின்னும் சாமானியர்கள் வெறும் மரப்பலகையில்தான் படுத்தார்கள். 1977 முதல் 1979 வரை ரயில்வே அமைச்சராக இருந்த மது தண்டவதேதான் அந்தப் பலகைக்கு இரண்டு அங்குல நுரை மெத்தை போட வைத்தார். இன்றைக்கு நாம் முதுகு வலிக்காமல் படுத்து வருவதற்கு அந்த இரண்டு அங்குலம் காரணம்.

ஸ்லீப்பரை எப்போது எடுக்கலாம்? மார்கழி, தை மாதங்களில் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். கார்த்திகைக்கு மேல் சன்னலை இறக்கிவிட்டு ஒரு போர்வையோடு படுத்தால் ஏசியே தேவையில்லை. போர்வையும் தலையணையும் நாம்தான் கொண்டுபோக வேண்டும், அதை மறந்தால் பின்னிரவில் நடுக்கம். சித்திரை, வைகாசியில் கதை வேறு. பகல் முழுக்க யார்டில் வெயிலில் நின்ற பெட்டி அது. கூரைக்கு ஒரு முழம் கீழே இருக்கும் அப்பரில் மின்விசிறி சுடுகாற்றைத்தான் முகத்தில் அடிக்கும், நள்ளிரவு தாண்டினால்தான் பெட்டி ஆறும். அந்த மாதங்களில் ஸ்லீப்பர் என்றால் லோயர் அல்லது சைடு லோயர் கிடைத்தால் போகலாம். ஐப்பசி மழையில் சன்னல் ஷட்டர் இடுக்கு வழியாகச் சாரல் வந்து லோயர் நனையும், அப்போது மிடில்தான் பத்திரம்.

தூக்கம் லேசாக இருப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஸ்லீப்பரில் ஒவ்வொரு நிலையமும் உள்ளே வந்துவிடும். டீக்காரரின் குரல், அறிவிப்பு, ஏறுகிறவர்களின் டார்ச் வெளிச்சம். இதிலேயே ஒரு நன்மையும் உண்டு. நடுவழியில் மூன்று மணிக்கு விருத்தாசலத்திலோ அரியலூரிலோ இறங்க வேண்டியவருக்கு ஊர் வருவது காதில் விழும். ஏசிப் பெட்டியின் மூடிய கண்ணாடிக்குள் எந்த ஊரும் தெரியாது, அலாரத்தை நம்பித்தான் படுக்க வேண்டும். சன்னலோரம் கைப்பேசியை வைத்துத் தூங்காதீர்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. லோயருக்கு அடியில் வளையம் இருக்கிறது, பையைச் சங்கிலி போட்டு அதில் பூட்டலாம்.

பணம் எங்கே கூடுகிறது, எதற்குக் கூடுகிறது

ஒரே இரவுத் தூரத்துக்கு ஸ்லீப்பர் கட்டணம் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 3ஏசி ஏறக்குறைய 260, 2ஏசி 360, முதல் ஏசி 600 என்ற விகிதத்தில் வரும். ரயிலுக்கு ரயில் கொஞ்சம் மாறும். ஏசி வகுப்புகளுக்கு 5 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு, ஸ்லீப்பருக்குக் கிடையாது. மடங்குக் கணக்கில் பெரிய தாவல் ஸ்லீப்பருக்கும் 3ஏசிக்கும் நடுவில்தான் இருக்கிறது.

அந்தத் தாவலுக்கு என்ன கிடைக்கிறது? குளிர்ச்சி, தூசியில்லாத காற்று, சத்தம் குறைவு, விரிப்பு, தலையணை, கம்பளி. முன்பதிவில்லாதவர்கள் ஏறி நடைபாதையில் உட்காரும் நெருக்கடியும் குறைவு. மறுநாள் காலை நேராக நேர்முகத் தேர்வுக்கோ கல்யாண மண்டபத்துக்கோ போகிறவருக்கு இந்தப் பணம் வீண் இல்லை. ஆனால் இடவசதி ஏறக்குறைய ஸ்லீப்பரில் உள்ளதேதான். அதே எட்டுப் பேர், அதே மிடில், திரையும் கிடையாது. மிடிலைத் தூக்கி மாட்டிவிட்டால் லோயரில் யாரும் நிமிர்ந்து உட்கார முடியாது. மிடிலை இரவு 10 முதல் காலை 6 வரைதான் போடலாம் என்பது விதி. 2017-க்கு முன்பு இது 9 மணி. எட்டரைக்கே ஏறிப் படுக்க நினைக்கும் மிடில்காரருக்கும், பத்தரைக்குச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கும் லோயர்காரருக்கும் நடுவில் தினமும் நடக்கும் மனத்தாங்கலுக்கு இந்த விதிதான் பதில். உடல்நலம் இல்லாதவர், கர்ப்பிணி, மாற்றுத்திறனாளி என்றால் விதியைக் காட்டாமல் விட்டுக்கொடுக்கச் சொல்லியும் ரயில்வே கேட்டிருக்கிறது.

2021-இல் வந்த 3ஏசி எகானமி, அதாவது 'எம்' என்று பெயர் தொடங்கும் பெட்டி, கட்டணத்தில் 3ஏசியைவிடச் சற்றுக் குறைவு. 72 பேர் படுக்கும் நீளத்தில் 83 படுக்கைகளோடு வந்தது. முதலில் விரிப்பு தரவில்லை. 2022-இல் தரத் தொடங்கியபோது அதை அடுக்க இடமில்லாமல் 81, 82, 83 எண்களையே அதற்கு ஒதுக்கினார்கள், இடம் எவ்வளவு இறுக்கம் என்பதற்கு இதுவே போதும். ஆனால் ஒவ்வொரு படுக்கைக்கும் தனிக் காற்றுத் துவாரம், தனி விளக்கு, தனி சார்ஜிங் வசதி இருக்கிறது. ஒல்லியான, தனியாகப் போகிற இளைஞருக்கு இது 3ஏசியைவிட நல்ல பேரம். சார்ஜ் போடுவதை மட்டும் இரவு 11-க்குள் முடித்துக்கொள்ளுங்கள், காலை 5 வரை அந்த மின்சாரத்தை நிறுத்திவைக்க உத்தரவு இருக்கிறது.

2ஏசியில் கூடுதலாகக் கொடுக்கும் நாற்பது சதவீதம் குளிர்ச்சிக்கு அல்ல. மிடில் இல்லாததற்கு. லோயரில் எந்த நேரமும் நிமிர்ந்து உட்காரலாம். திரை உண்டு. பேச்சுச் சத்தம் குறைவு. இரவு ஒன்பதரைக்கு ஏறி விடியலில் இறங்கும் மதுரைப் பயணத்துக்கு, ஆரோக்கியமானவர் இதற்குப் பணம் போட வேண்டாம் என்பதே என் கருத்து. ஏறுகிறோம், படுக்கிறோம், இறங்குகிறோம், உட்காரும் நேரமே இல்லை. சென்னையிலிருந்து புது தில்லிக்கு இரண்டு இரவும் ஒரு முழுப் பகலும் போகிற தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் அந்த ஒரு பகல்தான் வித்தியாசத்தைக் காட்டும். முதுகுவலிக்காரர், பால் கொடுக்கும் தாய், அறுவைச் சிகிச்சை முடிந்து திரும்புகிறவர் என்றால் ஒரே இரவானாலும் 2ஏசி லோயர் தகும்.

முதல் ஏசி என்பது கதவு வைத்த அறை. இரண்டு பேர் அறையும் உண்டு, நான்கு பேர் அறையும் உண்டு. எந்த அறை, எந்த எண் என்பது டிக்கெட் எடுக்கும்போது தெரியாது, சார்ட் போடும்போதுதான் ஒதுக்குவார்கள். தட்கலும் இதில் கிடையாது. கணவன் மனைவிக்கு இரண்டு பேர் அறை கிடைத்தால் வீட்டுத் தூக்கம்தான்.

தனியாகப் போகும் பெண்கள் மட்டும் இதில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். விலை கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று குடும்பத்தில் எல்லோரும் நினைக்கிறோம். முதல் ஏசியின் நான்கு பேர் அறையில் அறிமுகமில்லாத மூன்று ஆண்களோடு கதவைச் சாத்திக்கொண்டு இரவைக் கழிக்க நேரலாம். ஒதுக்கீட்டில் பெண்களைக் கவனித்து இடம் போட முயல்வார்கள், ஆனால் அதற்கு உறுதி இல்லை. என் தங்கை வாரம் விட்டு வாரம் தனியாகப் போகிறவள். திறந்த தடுப்பு, நாலு குடும்பம் சுற்றி இருக்கிற 3ஏசியைத்தான் எடுக்கிறாள், அதிலும் அப்பர். மேலே ஏறிவிட்டால் யாரும் கால்மாட்டில் வந்து உட்கார மாட்டார்கள் என்பது அவள் கணக்கு. நீண்ட தூர ரயில்களின் ஸ்லீப்பரில் பெண்களுக்கென்று ஆறு படுக்கைகள் ஒதுக்கீடும் உண்டு, வயது வரம்பு இல்லை. இரவில் தொந்தரவு என்றால் எந்த வகுப்பிலிருந்தும் ரயில்வே உதவி எண் 139-ஐ அழைக்கலாம்.

ஆர்ஏசி பற்றியும் ஒரு வார்த்தை. முழுக் கட்டணம் கொடுத்து, சைடு லோயரின் இரண்டு பாதிகளில் இரண்டு அந்நியர்கள் எதிரெதிரே உட்கார்ந்து போவது அது. 3ஏசி ஆர்ஏசியும் ஸ்லீப்பர் உறுதியும் ஒரே நேரத்தில் கையில் இருந்தால், ஒற்றை இரவுக்கு நான் உறுதியான ஸ்லீப்பரைத்தான் எடுப்பேன்.

தேர்வு நம் கையில் மட்டுமா?

ஸ்லீப்பர் பெட்டிகள் குறைந்து 3ஏசி பெட்டிகள் கூடிவருவதைப் பத்து வருடமாக ரயிலில் போகிற எவரும் பார்த்திருப்பார்கள். நடைமேடையில் நின்று எஸ்-12, எஸ்-13 என்று எண்ணிய ரயில்களில் இன்று எஸ் பெட்டிகள் அதில் பாதிதான். காரணம் கணக்கில் இருக்கிறது. பயணிகள் ரயிலில் வரும் நட்டத்தைச் சரக்கு ரயில் வருமானம்தான் ஈடுகட்டுகிறது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கைகளைப் பார்த்தால், பல ஆண்டுகளில் செலவை மீட்டுக் கொடுத்த அரிதான பயணி வகுப்பு 3ஏசி. நிர்வாகத்தின் பார்வையில் அந்தப் பெட்டியைக் கூட்டுவது இயல்பு. ஆனால் ஊருக்குப் போகிற கட்டடத் தொழிலாளிக்கும், ஆஸ்பத்திரிக்கு வந்து திரும்பும் குடும்பத்துக்கும் இரண்டரை மடங்கு என்பது தேர்வே இல்லை. ஸ்லீப்பர் கிடைக்காவிட்டால் அவர்கள் 3ஏசிக்கு ஏறுவதில்லை, முன்பதிவில்லாத பெட்டிக்கு இறங்குகிறார்கள். தாம்பரத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் போகும், முழுக்க முன்பதிவில்லாத அந்தியோதயா ரயிலில் இரவு முழுக்கக் கதவோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வருகிறவர்களைப் பார்த்தால் இது புரியும். 2023 டிசம்பரில் தொடங்கிய அம்ரித் பாரத் ரயில்களில் ஏசியே இல்லாமல் ஸ்லீப்பரும் பொதுப் பெட்டியும் மட்டும் வைத்திருப்பது நல்ல காரியம். அது நாளும் ஓடும் பழைய ரயில்களுக்கும் வர வேண்டும்.

தையில் அம்மாவோடு மறுபடி மதுரை போனேன். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, திறந்த அன்று காலை எட்டு மணிக்கே உட்கார்ந்து அம்மாவுக்கு ஒதுக்கீட்டில் தனியாக ஸ்லீப்பர் எடுத்தேன். எண் 36. எட்டால் வகுத்தால் மீதி 4. எனக்கு இரண்டு தடுப்பு தள்ளி ஒரு மிடில். வீட்டிலிருந்து கொண்டுவந்த ஜமுக்காளத்தை விரித்து, காதுக்கு மப்ளர் கட்டி, பத்து மணிக்கு அம்மா படுத்தார். விழுப்புரத்தில் ஒரு முறை எழுந்துபோய்ப் பார்த்தேன், திருச்சியில் ஒரு முறை. இரண்டு முறையும் குறட்டை.